பீரங்கி கெத்து... கொதிகலன் வெத்து! கோவைக்கு ஒரு பழைய போர்க்கப்பல் சொல்லும் பாடம்

ஏனுங்க, கடலே இல்லாத கோயம்புத்தூருக்கும் 130 வருஷத்துக்கு முந்தைய போர்க்கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்குங்க.

1880-களில் பிரிட்டிஷ் கடற்படையை மிரட்டியவை டார்ப்பிடோ சுமந்த சின்னச் சின்ன வேகப் படகுகள். அவற்றைத் துரத்திப் பிடிக்க உருவானதுதான் ‘டார்ப்பிடோ கன்போட்’. அதில் ‘பிளாசி’, ‘அசாயே’ என்ற இரண்டு கப்பல்கள் இந்தியாவுக்காகவே இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தில் கட்டப்பட்டு, 1890-ல் நீரில் இறங்கின. இரண்டுமே ஆங்கிலேயர் இங்கே ஜெயித்த போர்க்களங்களின் பெயர்கள்!

ஆயுதம் என்ன?

சுமார் 735 டன் எடை. வேகமாகச் சுடும் 4.7 அங்குல பீரங்கி 2, படகுகளை அடிக்க 3 பவுண்டர் பீரங்கி 4, கூடவே 14 அங்குல டார்ப்பிடோ ஏவும் குழாய்கள். பேப்பரில் பார்த்தால் செம மாஸ்.

எங்கே சொதப்பியது?

திட்டமிட்ட வேகம் 21 நாட். இந்த வகைக் கப்பல்கள் நடைமுறையில் தொட்டது சுமார் 19 தான். ரயில் இன்ஜின் பாணிக் கொதிகலனில் காற்றை அழுத்தி ஊதி நிலக்கரியை எரித்தார்கள். சூடு தாங்காமல் குழாய் இணைப்புகள் கசிந்தன. வேட்டைக்காரனைவிட இரை வேகமாக ஓடினால் பீரங்கி எதுக்கு? 1893-ல் வந்த ‘ஹேவாக்’ என்ற டெஸ்ட்ராயர் 26 நாட் தொட்டதும் இவற்றின் கதை முடிந்தது. இதே வகையில் மிஞ்சிய பல கப்பல்கள், பிறகு கண்ணிவெடி அகற்றப் போயின.

நமக்கு என்ன?

2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இருக்கின்றன. ஏவுகணை, டிரோன் என்றால் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறோம். வால்வு, சீல், பேரிங் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால், நம்ம ஊரின் பலமே அங்கேதான். குறைந்த மின்னழுத்தத்திலும் சித்திரை வெயிலிலும் நாள் முழுக்க ஓடினால்தான் பம்ப்செட்டை விவசாயி நம்புவார். ஒரு மணி நேர டெமோவைப் பார்த்து அல்ல.

பாதுகாப்பு ஆர்டருக்கும் அதே அளவுகோல் வேண்டும் என்பதே என் கருத்து. புதிய ஷெட் கட்டும் முன் நீண்ட நேரச் சோதனைக்குப் பணம் ஒதுக்குங்கள். ‘ஃபெயில்’ என்று ரிப்போர்ட் எழுதும் இளம் இன்ஜினீயரைத் திட்டாதீர்கள். கசிவு பட்டறையிலேயே தெரிந்தால் செலவு மட்டும்தான். நடுக்கடலில் தெரிந்தால், போவது உயிர்.