கேட்கப் போகுமுன் கையில் என்ன?



மதரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல் எதுவாயினும், அதனைத் திறந்தவுடன் முதலில் வருவது தொழுகையன்று, தண்ணீர். எந்த நீர் தூய்மையானது, எந்த நீர் தான் தூயதாயினும் பிறவற்றைத் தூய்மைப்படுத்தாது, எந்த நீர் அசுத்தமானது என்ற பாகுபாட்டைக் கற்ற பிறகே ஒளு. அதன் பிறகே தொழுகை. நீரின் அளவைக் குறித்து ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றில் மட்டும் வேறுபாடே இல்லை. நஜீஸ் கலந்ததனால் நீரின் நிறமோ சுவையோ வாடையோ மாறிவிடுமாயின், அது எவ்வளவு பெருகிய நீராயினும் அசுத்தமே.

இந்தச் சட்டத்தை நம் ஊர்க் கிணறுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டின் கொல்லையில் கிணறோ ஆழ்குழாயோ இருக்கும். அடுத்த வீட்டின் கொல்லையில் கழிப்பிடத் தொட்டி இருக்கும். இடையே உள்ள மண் எவ்வளவு காலந்தான் வடிகட்டும்? கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் தண்ணீரில் வாடை வருகிறது என்று தாய்மார்கள் முறையிடாத ஊர் அரிது. மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் மருத்துவரின் துறை. அந்த நீரில் ஒளுக் கூடுமா, அந்த நீரில் துவைத்த ஆடையோடு தொழலாமா என்பது நம் துறை. இதைக் கேட்டு எந்த ஜமாஅத்திலாவது ஒரு கூட்டம் கூடியதுண்டா?

தொட்டி நிரம்பினால் லாரி வருகிறது, உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று நாம் கேட்பதில்லை. ஏரியிலோ, ஓடையிலோ, ஊருக்கு வெளியே வறியவர்கள் குடியிருக்கும் பள்ளத்திலோ அது ஊற்றப்படுகிறது. தொட்டிக்குள் மனிதரை இறக்கிக் கழுவச் செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அதன் பிறகும் அந்த விஷவாயுவில் மூச்சடைத்து உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

இதற்குத் தீர்வு ஒரு தனி வீட்டின் கையில் இல்லை. தெருவெங்கும் குழாய் பதித்து, கழிவுநீரை ஓரிடத்தில் சேர்த்து, சுத்திகரித்து வெளியே விடவேண்டும். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். ஒரு சிறு நகராட்சிக்குச் சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு ஆகியவையே வருவாய். சம்பளமும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே அரசிடம் கேட்டே ஆகவேண்டும்.

கேட்கும் முறையை நாம் அறிவோம். ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் வேன் பிடித்துச் சென்னை செல்வர். அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தி மகஜர் கொடுப்பர். புகைப்படம் எடுக்கப்படும், அது நம்முடைய இதழ்களிலும் வெளிவரும். அமைச்சரும் ஆவன செய்வதாகக் கூறுவார். அதன்பின் ஒன்றும் நடவாது. ஊரோ, நம்மைப் புறக்கணித்துவிட்டார்கள் என்று மனம் வெதும்பும். புறக்கணிப்பே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆயினும் அந்த மகஜரோடு என்ன கொண்டு போனோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நகர்மன்றத் தீர்மானம் இருந்ததா? பொறியாளர்கள் அளந்து தயாரித்த விரிவான திட்ட அறிக்கை இருந்ததா? சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் இருந்ததா? நகரத்தின் பங்குத் தொகைக்கு வழி இருந்ததா? இந்த நான்கும் இல்லாத கோப்பை எந்த அதிகாரியும் மேலே அனுப்ப இயலாது.

பங்குத் தொகை என்பது புதுமையன்று. 2005இல் மத்திய அரசு சிறு, நடுத்தர நகரங்களுக்கென ஒரு உட்கட்டமைப்புத் திட்டம் கொண்டுவந்தது. அதில் 80 விழுக்காடு மத்திய அரசும், 10 விழுக்காடு மாநில அரசும் தரும். எஞ்சிய 10 விழுக்காடு நகரம் தானே திரட்ட வேண்டும். பத்துத்தானே என்று எண்ண வேண்டா. முப்பது கோடித் திட்டத்தில் அது மூன்று கோடி. பின்னர் 2015இல் வந்த அம்ருத் திட்டம், இலட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களையே பெரிதும் கருதி 500 நகரங்களைத் தேர்ந்தது. 2021இல் அதன் இரண்டாம் கட்டம் குடிநீருக்காக எல்லா நகரங்களையும் சேர்த்துக்கொண்டது. கழிவுநீருக்கோ அந்த 500 நகரங்களோடு நின்றுவிட்டது. எனவே சாக்கடைக்கு வழி தேடும் சிறு நகரம் வேறு வாயிலில் நிற்கவேண்டியதாயிற்று.

கேட்டுப் பெற்ற நகரம் ஒன்றின் வரலாறு நமக்குப் பயன்படும். சென்னை விமான நிலையத்துக்கு அருகே, பரங்கிமலையை அடுத்துள்ள ஆலந்தூர் அது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை அது தனி நகராட்சி. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் மக்கள். பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு தொட்டி, தெருவுக்குத் தெரு கொசு. 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, ஆர்.எஸ். பாரதி நகர்மன்றத் தலைவரானார். பாதாளச் சாக்கடையை மன்றம் தன் முதற்கடமையாக எடுத்துக்கொண்டது. திட்டச் செலவு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். நகராட்சியின் கையிலோ அதற்கான பணம் இல்லை.

அரசு நிறுவனங்களின் உதவி இருந்தது. 1990இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் உட்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகமும், உலக வங்கியின் துணையோடு 1996இல் அமைந்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் கடனும் மானியமும் அளித்தன. ஆனால் கடன் கொடுப்பவர் திருப்பிச் செலுத்தும் ஆற்றலைப் பார்ப்பார் அல்லவா? ஆகவே மன்றம் முதலில் மக்களிடம் சென்றது. கருத்தறியும் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. இணைப்பு வேண்டும் என்று ஏறக்குறைய எல்லாருமே கூறினர். அதற்காக வைப்புத்தொகை கட்டுவோம் என்றவர் தொகை அதைவிடக் குறைவு. இது மனித இயல்பு. ஆலந்தூருக்கு மட்டும் உரியதன்று.

வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாயும், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் வைப்புத்தொகை. வீடுகளுக்கு மாதக் கட்டணம் 150 ரூபாய் என வகுக்கப்பட்டது. குடியிருப்போர் நலச் சங்கங்களின் துணையோடு தெருத் தெருவாக விளக்கிப் பேசினர். ஒரு குழாய்கூடப் பதிக்கப்படாத நிலையில், ஒரு நகராட்சியை நம்பி மக்கள் 5,000 ரூபாய் கொடுப்பது சிறிய செய்தியா? அந்நாளில் அது நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஒரு மாத வருவாயை எட்டும் தொகை. இருந்தும் கொடுத்தனர். அந்தப் பணமே கடன் கொடுப்போருக்குக் காட்டப்பட்ட சான்றாகவும் அமைந்தது. 2000இல் பணி தொடங்கியது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதிக்கப்பட்டது. பெருங்குடியில் நாளொன்றுக்கு ஒரு கோடியே இருபது இலட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், தனியார் தம் முதலீட்டில் கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்தி, பின் ஒப்படைக்கும் முறையில் அமைந்தது.

வரி கட்டுகிறோமே, இன்னும் வைப்புத்தொகை எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. தூய நீரும் வடிகாலும் குடிமக்களின் உரிமை. ஆனால் உரிமையைக் கேட்டுக்கொண்டே காத்திருந்த நகரங்கள் காத்துக்கொண்டே இருக்கின்றன. பங்கைத் தட்டில் வைத்துக் கேட்ட நகரம் பெற்றுவிட்டது. என் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. வைப்புத்தொகை கட்ட இயலாத ஏழை என்ன செய்வார்? வாடகை வீட்டில் இருப்பவருக்காக வீட்டுக்காரர் கட்டுவாரா? பீடி சுற்றும் விதவைத் தாயின் ஓட்டுவீட்டைத் தாண்டிக் குழாய் போய்விட்டால், அவருடைய தொட்டி நிரம்பி வழிவது அடுத்த வீட்டுக் கிணற்றையும் கெடுக்குமே!

இங்கே ஜமாஅத்துகளுக்கு வேலை இருக்கிறது. ஜகாத் பணத்தை நகராட்சியிடம் கொடுத்துச் சாக்கடை கட்டச் சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் வரையறுத்துள்ளது. பாலம், கிணறு, வடிகால் போன்ற பொதுப்பணிகளுக்கு அதனைச் செலவிட ஹனஃபீ, ஷாஃபிஈ இமாம்கள் இசையவில்லை. ஆனால் ஜகாத் பெறத் தகுதியுள்ள ஒரு குடும்பத்தின் கையில் அத்தொகையை உரிமையாக்கிவிட்டால், அவர்கள் அதைக் கொண்டு தம் வீட்டு இணைப்புக்குப் பணம் கட்டுவதில் தடையில்லை. ஸதகாவுக்கும் வக்ஃபுக்குமோ இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மதீனாவில் விலைக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளால் வாங்கிப் பொதுவாக்கினார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா, மக்கா வரும் ஹாஜிகளுக்காக நீர்க் கால்வாய் வெட்டச் செய்தார். இவற்றை மேடையில் சொல்லிக் கேட்டு மகிழ்கிறோம். வளைகுடாவில் உழைத்த பணத்தில் பள்ளிவாசலின் மினாராவை உயர்த்துகிறோம். அதன் வாசலில் தேங்கிய சாக்கடையைத் தாண்டித் தாண்டித்தான் ஜும்ஆவுக்குப் போகிறோம்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கான இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திட்டம் வேண்டும், ஆனால் எங்கள் பக்கத்தில் வேண்டா என்று ஒவ்வொரு வார்டும் கூறுமாயின், அத்திட்டம் எழும்புமா? முறையாக நடத்தப்படும் நிலையம் எப்படி இருக்கும் என்பதை, அது அமைந்துள்ள ஊருக்குச் சென்று ஊர்ப் பெரியவர்கள் நேரில் பார்த்துவரலாம். முறையற்று நடப்பதையும் பார்க்கலாம். எதைக் கண்டித்துக் கேட்க வேண்டும் என்பது அப்போது தெரியும்.

கேட்பதற்கும் ஓர் அவை வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு உறுதியான இடம் தந்தது. எனினும் தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். தெருவுக்காகக் கேட்க ஆளில்லாத காலம் அது. 2022 நவம்பர் 1 அன்று வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. இத்தகைய கூட்டம் எங்கே நடந்தாலும் நம் ஆண்கள் இரண்டொருவர் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வருகின்றனர். தண்ணீரின் வாடையை முதலில் அறிபவர்கள் பெண்கள். லாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு வாங்குகிறது என்ற கணக்கும் அவர்களிடமே உள்ளது. அந்தக் கணக்கைத் தெருவாரியாக எழுதி அவர்களே சபையில் வைக்கட்டும். திட்ட அறிக்கை தயாரிக்க வரும் பொறியாளருக்கும் அது உதவும்.

வரி பற்றி ஒரு சொல். தொழுகை நடக்கும் பள்ளிவாசல் கட்டடத்துக்குச் சொத்துவரி விலக்கு உண்டு. வாடகைக்கு விடப்பட்ட வக்ஃபுக் கடைகளுக்கு அந்த விலக்கு இல்லை. அவற்றின் நிலுவையை நகராட்சி கேட்கும்போது, பள்ளிவாசல் சொத்துக்கு வரியா என்று முழங்குவது சரியன்று. நிலுவை ஏறிய நகரத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த பின் எவர் அதற்குக் கடன் கொடுப்பார்? முத்தவல்லிகள் இவ்வாண்டுக் கணக்கை முடிக்குமுன் இதனைப் பார்த்துக்கொள்வார்களாக.

வக்ஃபுக் கடைகளின் வாடகை பல ஆண்டுகளாக ஏறாமலே நிற்பது குறித்து, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுவேன்.