என் பெரியம்மா சரக்குக் கடத்தவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

புதுச்சேரி எல்லையை ஒட்டிய மதுவிலக்குச் சோதனைகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் தங்களுக்கு எழுதிக் கொடுத்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. நேரில் வந்தபோதும் தங்களைப் பார்க்க விடவில்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன். எதைக் கொண்டுபோகலாம், எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. போன டிசம்பரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சொல்தா குடும்பம், பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் விவிக்கம் இருந்தாக வேண்டும். ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரியோடு, ரம்மில் ஊறிய கிஸ்மிஸும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்துச் சுடும் கேக் அது. நவம்பரிலேயே பழத்தை நறுக்கி ஜாடியில் ஊறப்போட்டுவிடுவார். அவ்வப்போது திறந்து கிளறிவிடுவார். அதைக் குடிக்க முடியாது. கரண்டியால் அள்ளத்தான் முடியும்.

காலாப்பட்டில் இருக்கும் மகள் வீட்டில் பெரிய அவன் இருக்கிறது. அங்கே போய்ச் சுடலாம் என்று ஜாடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் தமிழ்நாடு, காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த இடைப்பட்ட சில கிலோமீட்டரில்தான் வண்டியை மறித்தார்கள்.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தவர், "பாண்டிச் சரக்கா?" என்றார். "கேக்குக்கு ஊறப்போட்ட பழம் சார்" என்று பெரியம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஜாடியைச் சாலையோரத்து மண்ணில் கவிழ்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். மாலைவரை பெஞ்சில் உட்கார வைத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி, காலி ஜாடியைக் கையில் கொடுத்துப் படமும் எடுத்தார்கள். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, கிறிஸ்துமஸ் பூசைக்கு முன்பே எங்கள் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரியம்மா அந்த வருடம் பூசைக்கு வரவில்லை.

ஐயா, 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இங்கே ஒயினும் ரம்மும் எண்ணெய், புளி போல அடுப்படிச் சாமான். 1954-இல் ஆட்சி மாறியது, அடுப்படி மாறவில்லை. அது குற்றமா? ஆப்பமாவு பொங்கக் கள் ஊற்றியவர்கள் தமிழர்கள்தானே?

அடுப்பில் ஏறியதும் ரம் முழுக்க ஆவியாகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் வெந்த பண்டத்தில் ஊற்றிய ஆல்கஹாலில் 35 சதவீதம் தங்கும். இரண்டரை மணி நேரம் வெந்தால் 5 சதவீதம். ஒரு கேக் முழுவதற்கும் போவதே சில கரண்டி ரம். ஒரு துண்டில் எவ்வளவு இருந்துவிடும்? அதைத் தின்று எந்தக் குடும்பம் தெருவுக்கு வந்தது?

குடியால் தெருவுக்கு வந்த குடும்பங்களை நான் அறிவேன். என் தெருவிலேயே இருக்கின்றன. இதே கடற்கரைச் சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம். 2023 மே மாதம் அங்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். அந்த விஷத்தைத் தடுக்கத்தான் சோதனை என்றால் என் வண்டியைத் தினமும் நிறுத்துங்கள், கை கூப்பி இறங்கி நிற்கிறேன். விஷம் ஊர் ஊராகப் போய்ச் சேர்கிறது. உங்கள் ஆட்கள் கையில் சிக்கியது கிஸ்மிஸ்!

அதே ரம்மை உங்கள் அரசே டாஸ்மாக் கடையில் விற்கிறது. வாங்கிக் குடித்துவிட்டுச் சாலையில் விழுந்து கிடப்பவனை உங்கள் ஆட்கள் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதில்லை. ஒரு கிழவியின் படத்தை அனுப்பினார்கள். கணக்குக் காட்ட ஒரு பெயர் வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசத் தெரியாதவர் பெயர் கிடைத்தது. உங்கள் அம்மா மடியில் ஒரு ஜாடியோடு அந்த ஆட்டோவில் வந்திருந்தால் இப்படித்தான் நடந்திருக்குமா?

நஷ்டஈடு கேட்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். பெரியம்மா கையெழுத்திட்ட அந்த வெள்ளைத்தாளைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு சீருடையோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தெரு பார்க்க, பகலில். "நீங்கள் கடத்தல்காரி இல்லை" என்று பெரியம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். இந்த டிசம்பர் வருவதற்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டைவாசி ஒருவன்