மீனுள்ள குளம் தூராது

தூண்டில் போடுகிறவன் சோம்பேறி என்பது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். பவானிபூரில் தங்கிப் படிக்கும் நான், விடுமுறை நாட்களில் மூங்கில் கோலும் கையுமாகப் புறப்படும் போதெல்லாம் இந்தப் பட்டத்தைத் தவறாமல் பெற்று வருகிறேன். கோடை வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். சித்திரை வெயிலில், உட்கார்ந்த இடத்திலேயே சட்டை நனையும் இந்த நகரத்தில், குளக்கரைக்குப் போய் மணிக்கணக்கில் ஒரு தக்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பானேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூற நம் மன்றத்து மலரில் கொஞ்சம் இடம் வேண்டுகிறேன்.

வங்காளத்தாருக்கு இந்தக் கேள்வியே எழாது. தூண்டிற்கோலை அவர்கள் 'சிப்' என்பார்கள். தக்கைக்கும், முள்ளுக்கும், மீனைக் கூட்டுவதற்காக முன்கூட்டியே நீரில் இடும் தீனிக்கும் தனித்தனிப் பெயர்கள் அவர்களிடம் உண்டு. முசிறு எறும்பின் முட்டையை இரையாகக் கோக்கும் நுட்பத்தைப் பற்றி ஒரு மாலை முழுதும் பேசக்கூடியவர்கள் அவர்கள். குளக்கரையில் நாங்கள் 'தாது' என்று அழைக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். முள்ளில் எது அகப்படுகிறது என்பதைக் கொண்டே குளத்தின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது அது. அவரிடம் கேட்டதையும் நூல்களில் படித்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

கோடையில் குளத்துக்குள் நடப்பது என்ன? வெந்நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பது பள்ளிப் பாடம். 20 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மீனின் தேவையோ வெப்பத்துடன் கூடுகிறது. நீர் பத்து டிகிரி சூடேறினால் மீனின் உடல் ஏறக்குறைய இருமடங்கு காற்றைக் கேட்கும். வரவு குறையும் போது செலவு பெருகும் குடும்பத்தின் கதைதான் கோடைக் குளத்தின் கதையும்.

பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலின் துணையால் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகையால் விடியலுக்குச் சற்று முன்புதான் குளம் மிக வறுமைப்பட்டிருக்கும். அவ்வேளையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிப்பதைக் காணலாம். சாக்கடை கலந்து, பாசி மிகுந்த குளமாக இருந்தால் தவிப்பு இன்னும் அதிகம். காற்றில்லாத மேகமூட்டமான இரவு ஒன்று வாய்த்தால், காலையில் வெள்ளை வயிறுகள் மிதக்கும். கால்பைசாகிப் புயல் அடித்து அடிநீரைக் கலக்கிவிடும் போதும் இவ்விபத்து நேர்வதுண்டு. மறுநாள் ஊரார் நஞ்சு கலந்தவன் யார் என்று தேடுவார்கள். பல வேளைகளில் குற்றவாளி எவனோ ஒருவன் அல்லன். நாளெல்லாம் அக்குளத்தில் கழிவை விட்ட ஊரேதான்.

இனி, எந்த மீன் அகப்படுகிறது என்பதைப் பார்ப்போம். கட்லாவும் ரோகுவும் செவுளால் மட்டுமே மூச்சு விடுபவை. அவற்றுக்கு நல்ல நீர் வேண்டும். விராலும், தேளியும், வங்காளத்தார் 'கோய்' என்னும் பனையேறிக் கெண்டையும் வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. கெட்ட நீரிலும் அவை பிழைத்துக் கிடக்கும். ஒரு குளத்தில் ரோகு நின்றுபோய் விராலும் தேளியும் மட்டுமே தூண்டிலில் ஏறினால், அக்குளம் நோயுற்றது என்று பொருள். அவையும் ஏறாவிட்டால்? அந்த நீருக்கு எங்கள் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது.

பவானிபூரின் மேற்கெல்லையில் ஓடுவது ஆதிகங்கை. கங்கையின் பழைய போக்கு இதுவே என்பது மரபு. தூர்ந்து கிடந்த இதனை 1775 முதல் 1777 வரை வில்லியம் டாலி என்பவர் வெட்டிச் செப்பனிட்டு, படகுகள் செல்லும் கால்வாயாக்கினார். அதனால் 'டாலி நாலா' என்ற பெயரும் வந்தது. காளிகாட் கோயிலுக்கு வரும் பக்தர்களுக்கு இது இன்றும் புனித நீர். ஆனால் இதன் நிறத்தைக் கண்டவர் எவரும் இதில் தூண்டில் போட மாட்டார். நகரத்தின் கழிவு இதில் விழுகிறது. டாலிகஞ்சுக்குத் தெற்கே 2009-இல் நீட்டப்பட்ட மெட்ரோ ரயில் பாதையின் தூண்கள் இதன் படுகையிலேயே வரிசையாக நிற்கின்றன. கும்பிடுவதற்குக் கங்கை, கொட்டுவதற்குச் சாக்கடை என்று ஒரே நீரை நாம் இரண்டாக்கி வைத்திருக்கிறோம். பக்தியைப் பழிப்பது என் எண்ணமன்று. புனிதம் என்று சொல்லுவதோடு நின்றுவிடாமல், அந்நீரில் ஒரு மீன் உயிர்வாழுமா என்றும் கேட்க வேண்டும் என்கிறேன்.

இந்தக் கால்வாயை நினைக்கும் போது எனக்குக் கொடுவா மீன் நினைவுக்கு வருகிறது. நம் கடற்கரையார் கொடுவா என்பதைத்தான் வங்காளத்தார் பேட்கி என்று கொண்டாடுகிறார்கள். ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்பதும், ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் எனப்படுவதும் இதுவே. கழிமுகத்து உப்புநீரில் பிறந்து, இளமையில் ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஏறி நன்னீரில் வளர்ந்து, பின் இனம் பெருக்க உப்புநீருக்குத் திரும்பும் இயல்பு இதற்கு உண்டு. பெரும்பாலும் ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் அதிசயமும் உண்டு. கடலுக்கும் நகரத்துக்கும் இடையே நீர்வழி திறந்திருந்தால்தான் இந்த மீன் வரும். கால்வாயை அடைத்துவிட்டுக் கல்யாண விருந்தில் மட்டும் பேட்கியை எதிர்பார்ப்பது விதைக்காமல் அறுக்க நினைப்பதாகும்.

மேலைநாட்டில் பாஸ் மீன் பிடிப்பது ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நம் ஊரைப் போலவே புழுங்கும் புளோரிடாவில், மயாமி நகரத்துக் கால்வாய்களில் 1984-இல் அரசே தென்னமெரிக்க மயில் பாஸ் மீனைக் கொண்டுவந்து விட்டது. ஏற்கெனவே புகுந்துவிட்ட அயல் மீன்களை அது தின்னும், தூண்டிற்காரருக்கும் விளையாட்டாகும் என்பது கணக்கு. நாமும் அப்படிச் செய்தாலென்ன என்று கேட்பவர் உண்டு. கூடாது என்பேன். ஜப்பானின் பீவா ஏரியைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெருவாய்ப் பாஸ் அங்கே பெருகி, உள்நாட்டு மீன்களை விழுங்கத் தொடங்கியது. 2009-இல் அந்த ஏரியில் ஒருவர் பிடித்த பாஸ், அமெரிக்காவில் 1932-இல் ஏற்பட்ட உலகச் சாதனை எடைக்கு நிகராக நின்றது. சாதனை தூண்டிற்காரருக்கு, வேதனை ஏரிக்கு! 2005-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் ஜப்பான் அந்த மீனைத் தீங்கு செய்யும் அயல் உயிராக அறிவித்தது. நம் நாட்டிலும் 1952-இல் கொண்டுவந்த திலாப்பியா எந்தக் குட்டையில் இல்லை? அயலானுக்கு இடம் கொடுக்குமுன் நம் வீட்டுக் குழந்தைக்குச் சோறு இருக்கிறதா என்று பார்ப்போம். கட்லாவும் கொடுவாவும் விராலும் இருக்க, நமக்குக் குறை ஒன்றுமில்லை.

குறை நீரில்தான் இருக்கிறது. கல்கத்தாவில் 'புகுர்' என்று முடியும் பெயருடைய தெருக்கள் பல. புகுர் என்றால் குளம். பெயர் நிற்கிறது, குளங்கள் பல போய்விட்டன. நம் சென்னையின் கதையும் வேறல்ல. 1920-களில் நெடிய ஏரி ஒன்றை வடியவிட்டுத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். அதே பத்தாண்டில் கல்கத்தா நகர அபிவிருத்தி டிரஸ்ட் வேறு வழியில் சென்றது. நகரின் தெற்கே சுமார் 192 ஏக்கர் சதுப்பு நிலத்தை எடுத்து, அதில் ஏரியைத் தோண்டி, சுற்றுப்புறத்தை மேடாக்கி, குடியிருப்புக்கு வழி செய்தது. டாக்குரியா ஏரி என்றிருந்த அதற்கு 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயரிட்டார்கள். எழுபது ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்புள்ள அந்த ஏரி, பவானிபூர்வாசிகளாகிய எங்களுக்கு மூச்சுவிடும் இடம். வீடு வேண்டுமானால் ஏரி சாக வேண்டும் என்பது விதியன்று என்பதற்கு அதுவே சான்று.

குளத்தைக் காப்பது எது? என் விடை: மீன். இது கவிதையன்று, சட்டம். மேற்கு வங்கத்தில் ஐந்து கட்டா அல்லது அதற்கு மேற்பட்ட நீர்நிலையைத் தூர்க்கக் கூடாது என்று விதிப்பது 1984-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டமே. 1993-இல் செய்த திருத்தத்தால் அவ்விதி வந்தது. குளத்தை மீனின் வீடாகக் கண்டதால் அதற்கு வேலி கிடைத்தது. நகரின் கிழக்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்களும் இதையே சொல்லுகின்றன. அங்கே இருநூறுக்கு மேற்பட்ட 'பேரி'களில் நகரத்துக் கழிவுநீர், வெயிலாலும் பாசியாலும் தெளிந்து, மீனுக்கு உணவாகிறது. இந்த ஏற்பாட்டின் அருமையை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருவஜோதி கோஷ். 1992-இல் கல்கத்தா உயர்நீதி மன்றம் அந்நிலத்தைக் காத்துத் தீர்ப்பளித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் ராம்சார் ஒப்பந்தத்தில் இடம் பெற்றது. அங்கே வலை வீசும் ஏழை மீனவன் இல்லாவிட்டால், அந்நிலம் என்றோ கட்டிடக் காடாகியிருக்கும்.

உயிரை வதைத்து விளையாடலாமா என்று சிலர் கேட்பர். அக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆயினும் மீனைத் தொடாமலே அதன் நீரைக் கொன்றுவிட்டு, கருணை பேசுவதில் பொருளில்லை. பிடிப்பவனுக்கும் அறம் உண்டு. விடியலில் மீன் மேலே வந்து தவிக்கும் போது தூண்டில் போடலாகாது. மூச்சுக்கு அழுபவனிடம் பிழைப்பு நடத்துவது ஆண்மையன்று. வெயில் ஏறி நீர் தெளிந்தபின் போகட்டும். வேண்டாத மீனைத் திருப்பி விடுவதாயின் கையை நனைத்துக்கொண்டு உடனே விட வேண்டும். வெந்நீரில் களைத்த மீன், விட்ட பின்னும் சாகக்கூடும். எனவே கடும் கோடையில் உணவுக்கு வேண்டியதோடு நிறுத்துவதே நன்று. ஆனியில் மழை தொடங்கிவிட்டால் ஆற்றோரங்களில் தூண்டிலைச் சுருட்டி வைக்க வேண்டும். கட்லாவும் ரோகுவும் புதுவெள்ளத்தில்தான் முட்டையிடுகின்றன. தேங்கிய குளத்தில் அவை இயல்பாக முட்டையிடுவது அரிது. அதனாலன்றோ ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவின் அங்குலில் ஊசி மருந்தால் கெண்டையினத்தை முட்டையிடச் செய்தது நாட்டுக்கே பெருஞ்செய்தியாயிற்று!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகரைச் சுற்றிச் சீட்டு விற்றுத் தூண்டில் போடவிடும் குளங்கள் உண்டு. சில இடங்களில் பரிசும் பந்தயமும் சேர்ந்துவிட்டன. சூதாடிப் பெறும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். பந்தயக் குளத்தில் அகப்படுவது கரையில் இருப்பவனே. காசுள்ளவனுக்குக் கட்டணக் குளம், இல்லாதவனுக்குச் சாக்கடைக் கால்வாய் என்ற பிரிவு வளர்வதை நாம் ஒப்பலாகாது. ஊர்ப் பொதுநீர் நல்லதாக இருந்தால், ரிக்‌ஷா இழுப்பவரின் மகனும் ஒரு முள்ளும் நூலும் கொண்டு இரவுக் குழம்புக்கு வழி தேடிக்கொள்வான்.

மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. உங்கள் விடுதிக்கு அருகிலுள்ள ஒரு குளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், விடியுமுன் அங்கே செல்லுங்கள். வெப்பமானி ஒன்றும், நீரின் பிராணவாயுவை அளக்கும் எளிய சோதனைப் பொருள்களும் போதும். வேதியியல் படிப்பவர் அளக்கட்டும். உயிரியல் படிப்பவர் மீனை எண்ணட்டும். தமிழ் படிப்பவரும் வங்காளம் படிப்பவரும் அதை எழுதட்டும். சட்டம் படிப்பவர் அக்குறிப்பை நகராட்சியின் மேசையில் வைக்கட்டும். நாம் இங்கே வந்தேறியவர்கள், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். நாம் குடிக்கும் நீர் இந்த ஊர் நீர்; ஆதலால் இதன் கவலையும் நமதே. ஆதிகங்கையில் ஒரு சிறுவன் கட்லாவைப் பிடித்தான் என்ற செய்தியை ஒருநாள் இந்த மலரில் யாரேனும் எழுதுவாராயின், அதைவிட நல்ல ஆண்டறிக்கை நம் மன்றத்துக்கு வேறு வேண்டியதில்லை.