தாயின் தட்டில் இருப்பதே பிள்ளையின் எடை

தமிழகத்தில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு இதை 99.6 சதவீதம் என்கிறது. பெருமைப்பட வேண்டிய கணக்குதான். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாநிலத்துக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16 ஆய்வில் இது 44 சதவீதமாக இருந்தது. தாயைப் பிரசவ அறை வரை கொண்டுவந்து சேர்த்த அரசு, அதற்கு முந்தைய ஒன்பது மாதமும் அவள் தட்டில் என்ன இருந்தது என்று பார்க்கத் தவறிவிட்டது.

2011 கணக்கெடுப்பின்போது ஒரே மாவட்டமாக இருந்த விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதியில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் பட்டியல் சாதியினர். சொந்த நிலமில்லாத கூலிக் குடும்பங்களே இவர்களில் அதிகம். நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு என்ற ஒன்று கிடையாது. 26 வார விடுப்பு தரும் சட்டம் அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும்தான். வரப்புக்கு அது வரவில்லை. ஏழாம் மாதத்திலும் குனிந்து களை பறித்தால்தான் அன்றைய கூலி. காலையில் டீ, மதியம் குழம்புச் சோறு, இரவில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியது. இந்த உணவில்தான் இரண்டு உயிர் வளர வேண்டியிருக்கிறது.

இதன் விளைவை மருத்துவம் தெளிவாகவே சொல்கிறது. கர்ப்பிணியின் 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்தின்போது நல்ல உடல்நிலையில் உள்ள பெண் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கு, ரத்தசோகை உள்ள தாயைக் கொன்றுவிடும். குறைமாதப் பிரசவம், பிரசவத்துக்குப் பின் கிருமித்தொற்று ஆகியவையும் இவர்களுக்கே அதிகம். இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு உடல் சூடு நிற்காது, பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது, நோய் எளிதில் தொற்றும். தாயிடம் இரும்புச்சத்து இல்லையென்றால் பிள்ளைக்கும் சேமிப்பு இருக்காது. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தக் குறை, பிற்பாடு பள்ளிக்கூடப் படிப்பு வரை தொடரும். எடை குறைந்து பிறந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள், அந்தப் பிள்ளை கருவில் இருந்தபோது அதன் தாய்க்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றியும் பேச வேண்டும்.

உணவைச் சொல்லும் இடத்திலும் சாதி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான அறிவுரைகளில் மாதுளை, பேரீச்சம்பழம், பாதாம் எல்லாம் வரும். அன்றாடக் கூலியில் மாதுளை வாங்க முடியுமா? நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள மாட்டுக்கறி அந்தப் பட்டியலில் வருவதே அபூர்வம். கீரையில் உள்ள இரும்புச்சத்தைவிடக் கறியில் உள்ளதை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். நன்றாக வேகவைத்த மாட்டுக்கறி, ஆட்டுச் சுவரொட்டி, ஏரி மீன், முட்டை, முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று நம் கைக்கெட்டும் உணவைச் செவிலியர்கள் தயங்காமல் சொல்லட்டும். ஒரு சாதியின் சமையலறையை மட்டுமே சத்துணவின் அளவுகோலாக வைப்பதும் தீண்டாமைதான்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் உண்டு. அங்கன்வாடியில் சத்துமாவு, சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை, ஆண்டுக்கொரு சமுதாய வளைகாப்பு எல்லாம் உண்டு. ஆனால் பணம் தவணையில் வருகிறது. வங்கிக் கணக்கிலோ ஆதார் இணைப்பிலோ ஒரு சிக்கல் வந்தால் பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகுதான் கைக்கு வரும். கர்ப்ப காலத்தில் சாப்பிட வேண்டிய காசு அது. முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்ற வரம்பும் இருக்கிறது. அடுத்தடுத்த பேறுகளால் மிகவும் தளர்ந்துபோன மூன்றாம் முறைத் தாய்க்கு எதுவும் இல்லை. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்களின் நிலை இன்னும் மோசம். பெயர் ஊர்ப் பதிவேட்டில் இருக்கும், கர்ப்பிணி சூளையில் இருப்பாள், சத்துமாவு அங்கன்வாடியில் கிடக்கும்.

தொழிலாளிப் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது என்று 1928-லேயே பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். மறு ஆண்டே அந்த மாகாணத்தில் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. வயலில் நிற்கும் பெண்ணுக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை.

நாம் கேட்பவை இவை. நிதியுதவியின் பெரும்பகுதி பிரசவத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும். விவசாயக் கூலிப் பெண்களுக்கு எத்தனையாவது பிரசவம் என்று பார்க்காமல், கடைசி மூன்று மாதத்துக்குக் கூலி இழப்பீடு தர வேண்டும். இதற்கான நிதியை 2024-ல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழ் ஒதுக்கலாம். இடம்பெயரும் கர்ப்பிணிக்கு அவள் வேலை செய்யும் இடத்து அங்கன்வாடியிலேயே சத்துமாவும் மாத்திரையும் கிடைக்க வேண்டும். அங்கன்வாடி ஊர்த்தெருவில் மட்டும் இருக்கும் கிராமங்களில் காலனிக்கும் ஒன்று வேண்டும். கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் அளவையும் பிறந்த குழந்தைகளின் எடையையும் பட்டியல் சாதியினருக்குத் தனியாகத் தொகுத்து மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். கணக்கே இல்லாவிட்டால் குறை இருப்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நம் வீடுகளிலும் மாற வேண்டியவை உண்டு. குறைவாகச் சாப்பிட்டால் பிள்ளை சிறிதாக இருந்து பிரசவம் சுலபமாகும் என்பதும், இரும்புச்சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பதும் உண்மையல்ல. மாத்திரையால் மலம்தான் கறுக்கும். கறுப்பு நமக்கு இழிவும் அல்ல. மாத்திரை போட்டவுடன் டீ குடித்தால் சத்து உடலில் சேராது. கர்ப்பிணி கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை மாமியாரும் கணவனும் இன்றே நிறுத்தலாம்; அதற்கு அரசாணை தேவையில்லை. அரசாணை தேவைப்படுவதற்கு அடுத்த கிராமசபையில் நம் பெண்கள் எழுந்து நின்று கேட்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை நம் இளைஞர்கள் அவர்களோடு நிற்கட்டும்.