அறுவைக்குப் பின் ஆறாத புண்



திருவரங்கத்திலிருந்து திருச்சிக்கு வரும் வழியில் வண்டி சறுக்கி ஒருவருக்குக் கால் முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். தகடு பொருத்தி அறுவை நடந்தது; தையலும் ஆறிற்று. சில வாரங்களுக்குப் பின் தழும்பில் சிறு துளை விழுந்து நீர் கசிகிறது. மாத்திரைகளை மாற்றி மாற்றி உண்டும் பயனில்லை.

இதற்கு மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் போன்ற அரிய கிருமிகளும் காரணமாகலாம். மண்ணிலும் குழாய் நீரிலும் வாழும் இவை, காசநோய்க் கிருமிக்கு உறவானவை. எனினும் வழக்கமான காசநோய் மருந்துகளில் பெரும்பாலானவை இவற்றிடம் பலிப்பதில்லை. 2 நாளில் முடியும் சோதனையில் இவை தப்பிவிடக்கூடும். வளர்ந்து தெரிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஆகவே மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். கிருமி சோதனைக்கு அகப்படாமல் போகும். மேலே கசியும் சீழ் மட்டும் போதாது. ஆழத்துத் திசுவை எடுத்து இவ்வினக் கிருமிகளுக்கும் சோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நுண்ணுயிரியல் துறை உண்டு.

கிருமி இன்னதென்று தெரிந்தபின் கெட்ட திசுவை நீக்குவர். தேவையானால் தகட்டையும் எடுப்பர். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சுமார் 6 மாதம் உட்கொள்ள நேரும். புண் மூடியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மேலே ஆறியது, எலும்பில் ஆறியதாகாது.