நான்கு நாள் மௌனம்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு நாள் வாசல் கதவையே திறக்கவில்லை. 'டிஜிட்டல் கைது' என்று சொல்லி, காக்கிச் சட்டை மாட்டிய ஒருவன் வாட்ஸ்அப் வீடியோவில் அவரை உட்காரவைத்திருந்தான். குளிக்கப் போகக்கூட அவனிடம் அனுமதி கேட்டாராம்! அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. சேமிப்பைச் 'சரிபார்க்க' அனுப்பு என்று எந்தப் போலீஸும் கேட்காது. 'யாரிடமும் மூச்சுவிடாதே' என்று அவன் மிரட்டிய நொடியிலேயே போனை வைத்திருக்கலாம். அதைவிட எனக்கு ஆற்றாமை, பணம் போனபின்னும் அவர் நான்கு நாள் வாய் திறக்காததுதான். "டீச்சரே ஏமாந்துட்டாங்கன்னு சிரிப்பாங்களேப்பா" என்றார். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைத்திருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கி முடக்க வாய்ப்பிருந்தது. அது நாலு கணக்கு தாவி ஏடிஎம் வழியே வெளியேறிவிட்டால், பிறகு யாரைத் துரத்துவது? சிரிப்பவர்களை வெளியே தேட வேண்டியதுமில்லை. விஷயம் தெரிந்ததும் வெளியூரிலிருந்த மகன் கேட்ட முதல் கேள்வி, "உனக்கெல்லாம் எதுக்கும்மா ஸ்மார்ட்ஃபோன்?" பக்கத்தில் உட்கார்ந்து, வங்கிக் குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் புகாரைப் பதிவு செய்து கொடுத்தது எதிர்வீட்டு மெக்கானிக் பையன்.