சுராங்கனி யார் வீட்டுப் பாட்டு?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசியுங்கள், பிறகு திட்டுங்கள்.

பாடசாலைச் சுற்றுலா போன பஸ்ஸில் எங்கள் பிள்ளைகள் சீட்டைத் தட்டித் தட்டி 'சுராங்கனி' பாடினார்கள். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று திரும்பி, "இது எந்தப் படத்துப் பாட்டு ஸேர்?" என்று கேட்டது. ஆசிரியர்கள் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவர் இந்தியப் படம் என்றார், இன்னொருவர் சிங்களப் பாட்டு என்றார், மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தோம். ஊருக்கு வந்த பிறகு, அந்த வீடியோவைப் பார்த்த சிலர் வட்ஸ்அப் குழுவில் "நமக்குச் சம்பந்தமில்லாத அந்நியக் கூத்து" என்று எழுதினார்கள். அன்றைக்கும் நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்தப் பிழைக்குத்தான் இந்தப் பதிவு.

இசை கூடுமா கூடாதா என்பதற்குள் நாங்கள் போகவில்லை. அதை உலமாக்கள் பேசட்டும். கூடாது என்று ஒதுங்குகிறவரை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் "அந்நியம்" என்று சொல்வது மார்க்கப் பேச்சல்ல, வரலாற்றுப் பேச்சு. அது பிழையான வரலாறு.

முதலில் படக் கதையை முடிப்போம். 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் இதைப் பாடினார். ஆனால் பாட்டு இங்கேயிருந்து அங்கே போனது. நம் நாட்டு மேடைகளில் அதைப் பிரபலமாக்கியவர் ஏ.ஈ. மனோகரன். 'சிலோன் மனோகர்', 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்றெல்லாம் அழைக்கப்பட்டவர். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். மீனோடு வருகிறவன் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறான், பாட்டில் இருப்பது அவ்வளவுதான். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் வரும். மொழி விளங்காதவனும் காலைத் தட்டுவான். ஏன்? தாளம்.

அந்தத் தாளம்தான் பைலா. போர்த்துக்கேய மொழியில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். 1940களில் வொலி பெஸ்டியன் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் அதற்குச் சிங்கள வரிகள் போட்டுப் பாடினார். அதற்கு முன்பு அது யாரிடம் இருந்தது? பறங்கியரிடமும் ஆபிரிக்க வம்சாவளியினரிடமும். அவர்கள் அதைக் 'கஃபிரிஞ்ஞா' என்றார்கள். இந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அரபு வணிகர்கள் முஸ்லிமல்லாத ஆபிரிக்கர்களைக் 'காஃபிர்' என்றார்கள். போர்த்துக்கேயர் அந்தச் சொல்லை எடுத்து ஆபிரிக்கருக்கே பெயராக வைத்தார்கள். அதிலிருந்து ஆட்டத்துக்குப் பெயர் வந்தது. அந்நியம் என்று நாம் தள்ளுகிற கூத்தின் பெயரிலேயே அரபு உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கஃபிரிஞ்ஞா இன்றும் உயிரோடு இருக்கிற சில இடங்களில் ஒன்று நம் மட்டக்களப்பு. நம் மூத்தாப்பாமாருக்குக் கதவும் அலுமாரியும் செய்து கொடுத்த பறங்கி ஓடாவிமார், இரும்பு வேலைக்காரர், மெக்கானிக்மார் வீட்டுக் கலியாணங்களில் வயலின், முக்கோண மணி, மேளத்தோடு சோடி சோடியாக ஆடுவது அதைத்தான். வீட்டுக்குள் பேசுவது அவர்களுடைய போர்த்துக்கேயம். ஆணும் பெண்ணும் மாறி மாறி வரி போட்டுப் பாடுவார்கள். நம் உம்மும்மாமார் வயலில் பாடிய கவியும் அப்படித்தானே? மச்சானுக்கு மச்சி பதில் சொல்வதை அவர்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை, நாமும் வாங்கவில்லை. ஒரே வாவியின் காற்று.

"போர்த்துக்கேயர் நம்மை விரட்டியவர்கள்" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். உண்மை. 1626இல் அவர்கள் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4000 பேரை இந்தப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாற்றில் படிக்கிறோம், படிப்பிக்கிறோம். இரண்டு வருடத்தில் போர்த்துக்கேயர் இங்கேயும் வந்து கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். அத்தோடு அதிகாரம் போய்விட்டது. இங்கேயே தங்கிவிட்டவர்கள் உளியும் சுத்தியலும் பிடித்துப் பிழைத்தார்கள். விரட்டியவனின் கணக்கை ஓடாவியின் பேரனிடம் கேட்பது நியாயமா? அப்படியானால் நம் கணக்கையும் யாரோ நம் பேரப்பிள்ளைகளிடம் கேட்பார்கள்.

இப்போது நம்மைப் பற்றிய பேச்சு. சுனாமி டச்பார் பறங்கிக் குடும்பங்களை எப்படி அடித்தது என்று நமக்குத் தெரியும். மிஞ்சியவர்களில் இளையவர்கள் பலர் வெளிநாடு போகிறார்கள், வீட்டிலும் தமிழே பேசுகிறார்கள். லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடல் தாண்டி வந்து அவர்களுடைய பேச்சையும் பாட்டையும் பதிவு செய்துகொண்டு போனார்கள். காத்தான்குடியிலிருந்து கல்லடிக்குப் பத்து நிமிடம். நாம் போனோமா? கலைவிழாவுக்கு ஸ்பீக்கரும் டீஜேயும் பிடிக்கக் காசு இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் வயலின் வாசிக்கிற மனிதரைக் கூப்பிட மனம் இல்லை. நம் றபானும் பொல்லடியும் இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரனின் கலை சாகும்போது பார்த்துக்கொண்டிருக்கிறவனின் கலையை யார் வந்து காப்பாற்றுவார்?

நாங்கள் கேட்பது பெரிதல்ல. அடுத்த விழாவில் ஒரு அரை மணித்தியாலம். ஒரு பக்கம் நம் பொல்லடி, மறுபக்கம் அவர்களுடைய கஃபிரிஞ்ஞா. கூலியைக் குறைக்காமல் கொடுத்து, கதிரை போட்டு உட்காரவைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுவோம். இசை வேண்டாம் என்கிற பெற்றோரின் பிள்ளை வெளியே நிற்கட்டும், யாரும் வற்புறுத்த மாட்டோம்.

அந்த ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு எங்கள் பதில் இதுதான். மகள், அது எந்தப் படத்துப் பாட்டும் இல்லை. நம் பக்கத்து வீட்டுத் தாளம். அன்றைக்குப் பஸ்ஸில் எங்களுக்கே அது தெரியவில்லை, மன்னித்துக்கொள்.